சக்தியை மறைத்துக்கொண்டு வந்த கிழவர்

மினாஸ் திரித் அரண்மனை. உயரமான கல்மண்டபத்தில் பிப்பின் என்கிற சின்ன உருவம் நின்றுகொண்டிருக்கிறது. அவன் கண்ணெதிரே இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் வெறித்துப் பார்க்கிறார்கள். ஒருவர் கோண்டோர் நாட்டை ஆளும் டெனதோர். இன்னொருவர் மந்திரவாதி காண்டால்ஃப். பார்வைக்கு டெனதோர்தான் பெரிய மந்திரவாதி மாதிரி இருக்கிறார். ராஜகளை, மிடுக்கு, அதிகாரம் எல்லாம் அவர் முகத்தில்தான். ஆனால் சக்தியும் ஞானமும் காண்டால்ஃபிடம்தான் அதிகம் என்று கண்ணுக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒரு புலன் பிப்பினுக்குச் சொல்கிறது. அவரிடம் இருக்கும் கம்பீரம் திரை போட்டு மூடிய கம்பீரம். வயதும் அவருக்குத்தான் அதிகம், மிக மிக அதிகம். எவ்வளவு அதிகம் என்று யோசிக்கிறான். இத்தனை நாள் இதைப்பற்றி யோசிக்கவே இல்லையே என்று அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. இந்த மனிதர் என்ன பிறவி? எந்தக் காலத்தில், எந்த இடத்திலிருந்து இந்த உலகத்துக்குள் வந்தார்? எப்போது கிளம்பிப் போவார்?

டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. யுத்தம் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் ஒரு சிறுவனின் மனதில் எழும் கேள்வி. அதற்கு அந்த அத்தியாயத்திலும் பதில் இல்லை, அடுத்ததிலும் இல்லை. கதை முடிந்து கப்பல் கிளம்பும்வரைகூட யாரும் பிப்பினை உட்காரவைத்து விளக்குவதில்லை.

பதிலின் ஒரு நுனி மட்டும் கதைக்குள் இருக்கிறது. தன்னிடம் காண்டால்ஃப் முன்பு சொன்ன ஒன்றை டெனதோரின் மகன் ஃபராமிர் நினைவுகூர்கிறான்: எனக்குப் பல நாடுகளில் பல பெயர்கள், மறக்கப்பட்ட மேற்கில் என் இளமையில் நான் ஓலோரின். இவ்வளவுதான். கதை முடிந்தபிறகு வரும் பின்னிணைப்பில், ஆண்டுவாரியான அட்டவணை ஒன்றின் முன்னுரையாக, இன்னும் கொஞ்சம் கிடைக்கிறது. மூன்றாம் யுகத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபோது இந்த மந்திரவாதிகள் கதை நடக்கும் நிலமான மிடில் எர்த்துக்கு வந்தார்களாம். கதையின் பெரிய எதிரியான சாரோனை எதிர்ப்பவர்களை ஒன்றுசேர்க்கத் தூர மேற்கிலிருந்து அனுப்பப்பட்ட தூதர்களாம். அவனுடைய சக்திக்கு எதிராகத் தங்கள் சக்தியைக் காட்டக் கூடாது, பலத்தாலோ பயத்தாலோ யாரையும் அடக்கி ஆளக் கூடாது என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட தடை. அதனால்தான் மனித உருவில் வந்தார்கள். அவர்களுக்கு இளமை என்று ஒன்று இருந்ததே இல்லை.

மற்ற விவரங்கள் டோல்கீன் 1973-இல் இறந்தபிறகு, அவருடைய காகிதக் கட்டுகளைப் பிரித்து அவர் மகன் கிறிஸ்டோபர் வெளியிட்ட நூல்களில் இருக்கின்றன. 1977-இல் 'சில்மரில்லியன்', 1980-இல் 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்'. இரண்டாவது நூலில் மந்திரவாதிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதைப் படித்தபிறகு நாவலின் மூன்று பாகங்களையும் திரும்ப எடுத்தால், ஏற்கெனவே தெரிந்த ஒவ்வொரு காட்சியும் வேறு அர்த்தம் காட்டுகிறது.

காண்டால்ஃப் மனிதரே இல்லை. உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்த மையார் என்னும் ஆவியினத்தைச் சேர்ந்தவர். டோல்கீனின் உலகில் ஒரே இறைவன், அவருக்குக் கீழே உலகைக் காக்கும் வாலார் என்னும் பெரிய தேவர்கள், அவர்களுக்குத் துணையாக மையார். சாரோனும் ஒரு காலத்தில் மையார்தான். ஆவுலே என்கிற தேவச்சிற்பியிடம் தொழில் கற்றவன் அவன். அதே ஆவுலேயைச் சேர்ந்தவர்தான் பின்னால் துரோகியாக மாறும் மந்திரவாதி சாருமானும். இரண்டு பேரும் ஒரே பட்டறை. கருவிகள் மீதும் சக்கரங்கள் மீதும் இருவருக்கும் அப்படியொரு மோகம் ஏன் என்பதற்கு இந்த ஒரு தகவல் போதும்.

ஐந்து பேர் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு அளிக்கப்பட்ட கிழட்டு உடல்கள் வெறும் வேஷம் இல்லை என்பதை டோல்கீன் அழுத்திச் சொல்கிறார். பசிக்கும், வலிக்கும், கால் ஓயும், கொன்றால் சாவு வரும். அதைவிடக் கொடுமை, வந்த இடத்தின் ஞாபகமே மங்கிப்போகும். தாங்கள் யார் என்பதையே முயன்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டிய நிலை. இரண்டாயிரம் ஆண்டுகள் காண்டால்ஃப் இப்படித்தான் நடந்து திரிந்தார். சாருமானுக்கு ஐசன்கார்டில் கோபுரம் கிடைத்தது. இவருக்கு வீடென்று ஒன்று கடைசிவரை அமையவில்லை.

இரவில் என் மகளுக்கு இந்தக் கதையைத் தவணை தவணையாகச் சொன்ன நாட்களில், பனிமலைக் காட்சி வந்தபோது அவள் போர்வையிலிருந்து தலையை நீட்டினாள். "அப்பா, அவரு பெரிய மந்திரவாதிதானே? ஒரு மந்திரம் போட்டு பனியை நிறுத்த வேண்டியதுதானே?"

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சாரோன் செய்த மோதிரத்தை அழிக்கக் கிளம்பிய ஒன்பது பேரும் கராத்ராஸ் மலையில் பனிப்புயலில் மாட்டிக்கொள்கிறார்கள். பிப்பினைப் போன்ற குட்டை மனிதர்களான ஹாபிட்கள் விறைத்துச் சாகும் நிலை. விறகு இருக்கிறது, ஆனால் ஈரம், என்ன செய்தும் பற்றவில்லை. கடைசியில் வேண்டாவெறுப்பாகக் காண்டால்ஃப் ஒரு கட்டையை எடுத்து, கைத்தடியின் நுனியை அதற்குள் குத்தி, ஒரு சொல் சொல்கிறார். பச்சையும் நீலமுமாகத் தீ சீறிக்கொண்டு எழுகிறது. உடனே அவர் சொல்வது என்ன தெரியுமா? யாராவது கவனித்துக்கொண்டிருந்தால் நான் இங்கே இருப்பது தெரிந்துவிட்டது, ரிவெண்டெல்லிலிருந்து ஆண்டுயின் ஆற்று முகத்துவாரம்வரை எல்லோரும் படிக்கும்படி 'காண்டால்ஃப் இங்கே இருக்கிறான்' என்று எழுதிவிட்டேன் என்கிறார்.

ஒரு விறகைப் பற்றவைக்க இவ்வளவு தயக்கம். இத்தனைக்கும் நெருப்பு அவருக்கு உரிய பொருள். மிடில் எர்த்தின் கரையில் இறங்கிய நாளிலேயே, துறைமுகத்தைக் காத்த கிர்டன் என்ற எல்ஃப், நெருப்பின் மோதிரமான நார்யாவைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டார். ஐந்து பேரில் பார்வைக்குச் சிறியவராக, நரைத்தவராக, தடியூன்றி வந்தவர் அவர்தான். ஆனால் ஐவரிலும் உயர்ந்தவர் அவரே என்று கிர்டன் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார். அந்த மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டேதான் அவர் பனிமலையில் விறகோடு மல்லுக்கட்டுகிறார். கூட வந்த எட்டுப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

என் மகளுக்கு அன்று நான் சொன்ன பதில், "அவர் போட்டா, அப்புறம் எல்லாரும் அவரையே எதிர்பார்ப்பாங்கம்மா" என்பதுதான். அதையே இன்னும் தெளிவாக இங்கே சொல்லிப் பார்க்கிறேன். இவர் வானத்திலிருந்து வந்தவர் என்று மனிதர்களுக்கும் எல்ஃப்களுக்கும் தெரிந்தால், அவர் சொல்வதை யோசித்து ஏற்கவோ மறுக்கவோ முடியாது. விழுந்து கும்பிடத்தான் முடியும். அப்படிக் கும்பிட்டுக் கிடைக்கும் கீழ்ப்படிதலும் சாரோன் பயமுறுத்தி வாங்கும் கீழ்ப்படிதலும் ஒரே ஜாதி. அதனால்தான் கிழவர் வேடம், கந்தல் அங்கி, ஹாபிட்களின் குழந்தைகளுக்கு வாணவேடிக்கை. சொல்வதைச் சொல்வார். தூண்டுவார், திட்டுவார், கெஞ்சுவார், காத்திருப்பார். முடிவு எடுப்பது எதிரில் இருப்பவர் வேலை. அவருடைய பிறப்பு ரகசியத்தை வாசகரை அசத்துவதற்காக ஆசிரியர் ஒளித்துவைத்த திருப்பம் என்று நான் நினைக்கவில்லை. அந்த ரகசியம் காப்பாற்றப்படுகிற வரைக்கும்தான் அவர் வந்த வேலை நடக்கும்.

சாரோனின் மோதிரத்தை, அதைச் சுமக்கும் ஹாபிட்டான ஃப்ரோடோ நீட்டும்போது அவர் பதறிப் பின்வாங்குவதும் இதனால்தான். தனக்கு அதன்மேல் ஆசை வரும் வழி இரக்கம் என்று அவரே சொல்கிறார். பலவீனமானவர்கள்மேல் உள்ள இரக்கம், நல்லது செய்யச் சக்தி வேண்டும் என்ற தவிப்பு. 1963-இல் எழுதிய ஒரு கடிதத்தில், காண்டால்ஃப் அந்த மோதிரத்துக்கு எஜமானர் ஆகியிருந்தால் சாரோனைவிட மிக மோசமாக இருந்திருப்பார் என்று டோல்கீன் சொல்கிறார். நீதிமானாகவே இருந்திருப்பார், தன் நீதிமேல் அளவுகடந்த நிச்சயத்தோடு. அந்த வரியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நல்லவன் ஒருவனின் கையில் குவியும் அதிகாரத்தை இவ்வளவு கடுமையாகப் பார்த்தவர் கற்பனை இலக்கியத்தில் வேறு யார் என்று எனக்குத் தெரியவில்லை.

'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' நூலில் ஒரு துண்டுக் குறிப்பு இருக்கிறது. அவசரமாகக் கிறுக்கியது, சில சொற்கள் படிக்கவே முடியாதவை. தேவர்கள் கூடிய சபை. தலைவர் மான்வே கேட்கிறார்: யார் போவது? போகிறவர்கள் சாரோனுக்குச் சமமான வலிமை உள்ளவர்களாக இருக்க வேண்டும், ஆனால் அந்த வலிமையைத் துறந்து உடலெடுக்க வேண்டும். இரண்டு பேர்தான் முன்வருகிறார்கள். பின்னாளில் சாருமான் ஆகப்போகும் குருமோ, பிறகு அலதார். உடனே மான்வே, ஓலோரின் எங்கே என்கிறார். ஓலோரின் அப்போதுதான் ஏதோ பயணத்திலிருந்து திரும்பி, சாம்பல் நிற உடையோடு, சபையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். மூன்றாவது தூதராக நீ போ என்கிறார் மான்வே. அந்த வேலைக்கு எனக்கு வலு போதாது, எனக்கு சாரோனைக் கண்டால் பயம் என்கிறார் ஓலோரின். அப்படியானால் நீ கட்டாயம் போக வேண்டும் என்று பதில் வருகிறது. அந்த நேரத்தில் நட்சத்திரங்களின் தேவியான வார்தா நிமிர்ந்து பார்த்து, "மூன்றாவதாக அல்ல" என்கிறாள்.

குருமோ அதை மனதில் வைத்துக்கொண்டான் என்று குறிப்பு சொல்கிறது.

ஒரு பக்கம்கூட வராத இந்தத் துண்டில் முழு நாவலின் விதையும் இருப்பதாக எனக்குப் படும். தானாக முன்வந்தவன் விழுகிறான், பயமாக இருக்கிறது என்று சபையில் ஒப்புக்கொண்டவர் கடைசிவரை நிற்கிறார். ஒரு தேவி சொன்ன இரண்டு சொல்லுக்காக இரண்டாயிரம் ஆண்டுப் பொறாமை.

இந்த ஓலோரின் யாரிடம் பாடம் படித்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அவர் அடிக்கடி போய்வந்தது நியென்னா வீட்டுக்கு. நியென்னா துக்கத்தின் தேவதை, உலகத்தின் காயங்களுக்காக ஓயாமல் அழுபவள். அவளிடம் அவர் கற்றது இரக்கமும் பொறுமையும் என்று 'சில்மரில்லியன்' சொல்கிறது. மோரியாவின் இருட்டில், மோதிரத்தை முன்பு வைத்திருந்த, கொல்லத்தக்க கோல்லமை பில்போ என்ற ஹாபிட் கொல்லாமல் விட்ட அந்த இரக்கம் பலருடைய விதியைத் தீர்மானிக்கலாம் என்று அவர் பேசுகிற பேச்சு திரைப்படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும், நாவலில் அது ஹாபிட்களின் ஊரான ஷயரிலேயே வந்துவிடும். அந்தப் பேச்சு அழுகிற தேவதையிடம் கற்ற பாடம். உலகத்தைக் கடைசியில் காப்பாற்றியதும் அதுதான், ஏனென்றால் கோல்லம் உயிரோடு இல்லாவிட்டால் மோதிரம் எரிமலைக்குள் போயிருக்காது.

மோரியாவின் பாலத்தில் அவர் நெருப்புப் பூதமான பால்ராக்கை மறித்து நிற்பதும் இனி வேறு மாதிரி தெரியும். பால்ராக்குகளும் மையார் இனம்தான், கெட்டுப்போன கிளை. அந்த ஒடுக்கமான கல்பாலத்தில் நேருக்கு நேர் நின்றவர்கள் ஒரே குலத்து ஜீவன்கள் என்பது சுற்றி நின்ற எட்டுப் பேரில் யாருக்கும் சொல்லப்படவில்லை. அந்தச் சண்டையில் காண்டால்ஃப் நிஜமாகவே செத்துப்போகிறார். 1954-இல் எழுதிய கடிதத்தில் டோல்கீன் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்: அவர் உடலெடுத்த தேவதூதர், அவர் உண்மையாகவே இறந்தார், அது ஏமாற்று வேலை இல்லை. தனக்குப்பின் வேலையை முடிக்க வேறு ஆள் இல்லை என்று தெரிந்தும், வெற்றி கிடைக்கும் என்ற உறுதி ஏதுமின்றி, விதிக்குக் கட்டுப்பட்டுத் தன்னைக் கொடுத்தார். திரும்பி வந்தபோது நண்பர்கள் காண்டால்ஃப் என்று கூப்பிட, வெகுநாள் பயன்படுத்தாத ஒரு சொல்லைத் தேடி எடுப்பதுபோல அந்தப் பெயரை அவர் சொல்லிப் பார்க்கிறார். ஆமாம், அதுதான் என் பெயராக இருந்தது என்கிறார்.

இதெல்லாம் ஆசிரியர் மனதில் முதல் நாளே இருந்ததா என்றால், இல்லை. 1937-இல் 'ஹாபிட்' வெளிவந்தபோது காண்டால்ஃப் நீலத்தொப்பி போட்ட ஒரு சிறிய கிழவர், அவ்வளவுதான். அந்தச் 'சிறிய' என்ற சொல்லை 1966 பதிப்பில் டோல்கீன் எடுத்துவிட்டார், அதற்குள் கிழவர் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. இன்னும் பின்னால் போனால், கையெழுத்துப் பிரதியில் மந்திரவாதியின் பெயர் பிளடோர்தின். காண்டால்ஃப் என்பது குள்ளர்களின் தலைவனுக்கு வைத்திருந்த பெயர், பழைய நார்ஸ் கவிதையான 'வோலுஸ்பா'வில் வரும் குள்ளர்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. நடுவில் பெயர் கைமாறியது.

உருவத்துக்கு மூலம் இரண்டு. ஒன்று ஒரு அஞ்சலட்டை. ஜெர்மானிய ஓவியர் யோசஃப் மாட்லெனர் வரைந்த 'மலை ஆவி' என்ற படம். பைன் மரத்தடியில் பாறைமேல் ஒரு வெண்தாடிக் கிழவர், அகன்ற விளிம்புத் தொப்பி, நீண்ட அங்கி. அவர் கைகளை ஒரு வெள்ளை மான்குட்டி முகர்ந்துகொண்டிருக்கிறது. அதை டோல்கீன் காகித உறையில் பத்திரப்படுத்தி, காண்டால்ஃபின் மூலம் என்று மேலே எழுதி வைத்திருந்தார். மற்றது ஓடின். வைகிங்குகளின் தலைமைக் கடவுள் அகலத் தொப்பியும் அங்கியும் தடியுமாக, நரைத்தாடிக் கிழவனாக வேடமிட்டு வீடுவீடாக வருவார். யார் என்று தெரியாமல் சோறு போட்டவர்களும் உண்டு, மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. காண்டால்ஃபை ஓடின் பாணி நாடோடி என்று டோல்கீனே 1946 கடிதமொன்றில் சொல்லியிருக்கிறார். ஆனால் ஓடின் வேடமிட்டது ஏமாற்றவும் சண்டை மூட்டவும். அந்த வேடத்தை அப்படியே வாங்கி, உள்ளே மான்குட்டியைத் தடவும் கிழவரை உட்காரவைத்ததுதான் டோல்கீன் செய்த காரியம்.

ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் மெர்லின் இல்லாமல் மந்திரவாதிகளின் பூர்வீகத்தைப் பேசவே முடியாது. 1136 வாக்கில் மான்மத் ஜெஃப்ரி எழுதிய பிரிட்டன் மன்னர்களின் வரலாற்றில் அவன் சிறுவனாக வருகிறான். வோர்டிகெர்ன் மன்னன் கட்டும் கோபுரம் ஒவ்வொரு இரவும் இடிந்து விழுகிறது. தகப்பன் இல்லாத பிள்ளையின் ரத்தத்தை அஸ்திவாரத்தில் தெளித்தால் நிற்கும் என்று அரண்மனை மந்திரவாதிகள் சொல்ல, பிள்ளையைப் பிடித்துவருகிறார்கள். அவன் தாயை விசாரித்தால், அழகிய இளைஞன் வடிவில் ஏதோ ஒன்று வந்துபோனது என்கிறாள். சந்திரனுக்கும் பூமிக்கும் நடுவே பாதி மனிதர், பாதி தேவதூதர் இயல்புள்ள ஆவிகள் வாழ்கின்றன, அவற்றின் வேலைதான் இது என்று அவையிலிருந்த அறிஞர் ஒருவர் விளக்குகிறார். சிறுவனோ, கோபுரத்தின் கீழே தோண்டுங்கள், குளம் இருக்கிறது, அதற்குள் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு டிராகன்கள் தூங்குகின்றன என்கிறான். தோண்டினால் இருக்கின்றன.

1200 வாக்கில் பிரெஞ்சுக் கவிஞர் ரொபேர் த பொரோன் இந்தக் கதையை இன்னும் இருட்டுக்குள் கொண்டுபோனார். கிறிஸ்துவுக்குப் போட்டியாகத் தங்களுக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்று நரகத்தில் பேய்கள் கூடிச் சதி செய்கின்றன. ஒரு நல்ல பெண்ணை அதற்குத் தேர்ந்தெடுக்கின்றன. உடலெல்லாம் ரோமத்தோடு குழந்தை பிறக்கிறது. ஆனால் பிளெய்ஸ் என்ற பாதிரியாரின் உதவியால் ஞானஸ்நானம் கிடைத்துவிட, பேய்களின் திட்டம் பாதியில் நிற்கிறது. நடந்தது அனைத்தையும் அறியும் சக்தி தகப்பன் வழி, நடக்கப்போவதை அறியும் சக்தி இறைவன் தந்தது. தாயைத் தண்டிக்க வழக்கு வரும்போது அந்தக் கைக்குழந்தையே வாய்திறந்து வாதாடுகிறது. என் அப்பா யாரென்று கேட்கிறீர்களே, உங்கள் அப்பா யாரென்று உங்களுக்குத் தெரியுமா என்று நீதிபதியையே மடக்கி, அவர் தாயை வரவழைத்து உண்மையைச் சொல்லவைத்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டு மந்திரவாதிக் கதைகளில் இதைவிட எனக்குப் பிடித்த மந்திரம் கிடையாது. தாயைக் காப்பாற்ற ஒரு குழந்தை பேசிய பேச்சு.

ஆக மெர்லின் பேய்க்குப் பிறந்து நல்லவன் பக்கம் வந்தவன். காண்டால்ஃப் மேலிருந்து கீழே இறங்கியவர். திசை நேர் எதிர், ஆனால் இருவரிடமும் நம்மைப்போலப் பிறந்து வளர்ந்தவர் அல்லர் என்ற தூரம் உண்டு. அந்தத் தூரத்தைக் குறைத்தவர் உர்சுலா லெ குவின். மந்திரவாதிகள் எப்போதும் கிழவர்களாகவே வருகிறார்களே, வெண்தாடி முளைக்குமுன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் 1968-இல் அவருடைய எர்த்சீ நாவல் பிறந்தது. அங்கே நாயகன் கெட் ஆடு மேய்க்கும் பையன், பள்ளிக்கூடம் போய்ப் படிக்கிறான், திமிரால் தவறு செய்து தழும்பு வாங்குகிறான். மிக உயர்ந்த படைப்பு அது, தனியாக எழுத வேண்டியது. அதற்குப்பின் வந்த மந்திரப்பள்ளிக் கதைகள் பலவற்றில் மந்திரம் என்பது திறமையாக, ரத்தத்தில் ஓடும் சொத்தாகச் சுருங்கிவிட்டதாக எனக்கு ஒரு வருத்தம். யாருக்கு அதிகம் இருக்கிறது என்ற போட்டிதான் மிச்சம்.

நம்மூர்க் கதைகளில் மந்திரவாதி எப்போதும் வில்லன். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளியின் உடம்பில் உயிரை ஒளித்துவைத்திருப்பான். சாரோனின் மோதிரம் அந்தக் கிளியின் உறவுதான், இதை நானாகச் சொல்லவில்லை. உயிரையோ சக்தியையோ வெளியே ஒரு பொருளில் வைக்கும் பழைய கதைமரபின் ஒரு வடிவம்தான் அந்த மோதிரம் என்று 1958 கடிதத்தில் டோல்கீன் எழுதியிருக்கிறார். பாட்டி சொன்ன கிளிக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு சாரோனின் நாடான மோர்டோர் அவ்வளவு அந்நியமாகத் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஐந்து பேரில் மீதமுள்ளவர்களில் இருவரைப்பற்றி இங்கே சொல்ல வேண்டும். நீல அங்கி அணிந்த அலதாரும் பல்லாண்டோவும். சாருமானோடு கிழக்கே போனார்கள், அவர் மட்டும் திரும்பினார். அதே 1958 கடிதத்தில், அவர்களும் தோற்றிருப்பார்கள், தூரதேசங்களில் ரகசிய வழிபாட்டுக் குழுக்களை ஆரம்பித்துவைத்திருப்பார்கள் என்று டோல்கீன் ஊகிக்கிறார். ஆனால் தன் கடைசிக் காலத்துக் குறிப்பு ஒன்றில் மனம் மாறிவிட்டார். 1996-இல் வெளியான 'தி பீப்பிள்ஸ் ஆஃப் மிடில் எர்த்' தொகுப்பில் அது இருக்கிறது. அதன்படி அவர்கள் வெகுமுன்னதாக, இரண்டாம் யுகத்திலேயே வந்துவிட்டார்கள். சாரோனுக்கு அடிபணிய மறுத்த கிழக்கத்திய மக்களுக்குத் துணைநின்றார்கள், அவன் படைகளுக்குள் பிளவை உண்டாக்கினார்கள். இந்த இரண்டாவது பதிலைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன், ஆசை மட்டும் காரணம் இல்லை. கிழக்கின் படைகள் முழு பலத்தோடு திரண்டு வந்திருந்தால், எண்ணிக்கையில் மேற்கு ஈடுகொடுத்திருக்காது என்று அந்தக் குறிப்பே கணக்குச் சொல்கிறது. மினாஸ் திரித் வாசலில் பிப்பின் எண்ணிப் பயந்த படை, அவனுக்குப் பெயர்கூடத் தெரியாத இரண்டு கிழவர்களால் ஏற்கெனவே குறைக்கப்பட்ட படை.